ஒரு சுண்டு இலை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது நாங்கள் இராச் சாப்பாட்டுக்கு இருந்தோம். என் சோற்றுக் கோப்பையிலிருந்து அம்மா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டதையும், நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்திருந்ததையும் நீ கண்டாய். "இப்ப அம்மாவோ முதல் சாப்பிடுறா? நல்ல மாற்றம் அப்பா. நானும் கலியாணத்துக்குப் பிறகு இப்பிடித்தான்" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அந்த நேரம் வேறு என்ன செய்வது. ஆனால் அன்றிலிருந்து அது எனக்குள் கிடந்து குத்துகிறது. நீ பாராட்டியது பாராட்டக்கூடிய காரியம் இல்லை. தையில் உனக்குக் கலியாணம். அதற்கு முதல் நடந்ததை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொன்னால் நீ இடையில் மறிப்பாய், அம்மா குசினிக்குள் நின்று காது கொடுப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை இங்கே இறுப்பிட்டியில் யார் கையிலும் கொடுத்துவிட எனக்கு மனமில்லை. ஒட்டிய கடிதத்தைக் கிழியாமல் திறக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கண்டது. நானே பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் போடுவேன்.

என் குணம் உனக்குத் தெரியும். கடைகளின் தராசும் படிக்கல்லும் சரியோ என்று பார்க்கிற கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என்று நான் கால் வைக்காத கடை இல்லை. தராசுத் தட்டுக்கு அடியில் பழப்புளியை ஒட்டி வைத்தவனைப் பிடித்திருக்கிறேன். படிக்கல்லை அடியில் குடைந்துவிட்டு மெழுகால் அடைத்தவனைப் பிடித்திருக்கிறேன். ஒருவன் என்னைக் கண்டதும் கதிரை தூக்கிப் போட்டு, சோடாவும் உடைத்துத் தந்தால் அந்தக் கடையில்தான் கூடுதல் நேரம் நிற்பேன். அது வேலைக்கு நல்ல குணம். அந்தக் குணத்தை நான் பின்னேரம் கந்தோரில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நாங்கள் கலியாணம் முடித்த முதல் மாதம் நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை உனக்குச் சொல்லாதது. அம்மா குசினியில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் சுண்டு என்று ஒன்று இருக்குமே, பால் ரின் அளவுப் பேணி, அதில் அரிசியை நிரப்பி மேலே விரலால் வழித்தாள். எல்லாரும் செய்வதுதான். நான் வாசலில் நின்று, "விரலாலை வழிக்கிறீர். உங்கடை வீட்டிலை புருசனுக்குச் சோறு இப்பிடி அளந்துதான் போடுறவையோ? இந்த வீட்டிலை என்ரை சாப்பாட்டை ஆரும் அளக்கக் கூடாது" என்றேன். பிறகு பகிடிக்குச் சொன்னதாகச் சொன்னேன். பகிடி இல்லை, தம்பி. சாப்பிடுகிறவனின் சோற்றை அளந்தால் கண்ணூறு படும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு எண்ணம் உண்டல்லவா, அதையும் சாட்டாக வைத்துக்கொண்டேன். அதன்பிறகு அவள் என் கண்ணுக்கு முன்னால் ஒன்றையும் அளந்ததில்லை. எல்லாம் கைக்கணக்கு. அவளுக்குக் கைராசி என்று நான் ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

என் இருதயத்துக்கு வால்வு வைத்தபோது நீ லீவு எடுத்து வந்து நின்றாய். வீட்டுக்கு அனுப்புகிற அன்று நீ மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தாய். தாதிப் பிள்ளை எங்கள் இருவரையும் இருத்தி வைத்து, இரத்தம் கட்டிபடாமல் இருப்பதற்கான குளிசையைப் பற்றி விளங்கப்படுத்தினாள். நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் என்னிடம் எதற்குக் கையெழுத்து வாங்கப் போகிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டாள். இரத்தம் தடித்தால் வால்வில் கட்டி விழும், உயிருக்கு ஆபத்து. ஐதானால் எங்கேயாவது கசியும், அதுவும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கத்தான் குளிசையும் மாதா மாதம் பட்டணத்துக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையும். பச்சை இலையில் உள்ள ஒரு சத்து அந்தக் குளிசைக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்காக இலையை விடத் தேவையில்லை, இலை உடம்புக்கு நல்லது. ஆனால் ஒரு நாள் கூட்டி ஒரு நாள் குறைத்துச் சாப்பிடக் கூடாது, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கவில்லை என்பதுதான்.

இனி உன் பச்சைத்தூளுக்கு வருகிறேன். சித்திரையில் ஊருக்கு வந்த உன் சிநேகிதன் கையில் ஒரு பெரிய போத்தல் கொடுத்துவிட்டாய். பல இலைகளைக் காயவைத்து அரைத்ததாம். "இதிலை அன்ரி-ஒக்சிடன்ற் நிறைய இருக்கு அப்பா. உடம்புக்குள்ளை கறள் பிடிக்காமல் பாக்கும். விடியக் காலமை ஒரு கரண்டி" என்றாய். கறள் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது. உப்புக் காற்றில் கேற்றும் சைக்கிளும் கிணற்றுக் கப்பியும் கறள் பிடித்து உதிர்வதைப் பார்த்தே வயதாகிப் போனவன் நான். இலை கறளைத் தடுக்குமென்றால் எங்கள் வேலி முழுக்க முருங்கை நிற்கிறதே, கேற் ஏன் இத்துப் போனது? இரண்டு புது ஆணி எடுத்தேன். ஒன்றைச் சும்மா தண்ணீரில் போட்டேன், மற்றதை முருங்கையிலை பிழிந்த தண்ணீரில் போட்டேன். சில நாளில் இரண்டும் கறள். போத்தலைக் கொண்டுபோய் அலுமாரியின் உள்மூலையில் வைத்தேன். நீ ஏமாற்றுகிறாய் என்று நினைக்கவில்லை, உன்னை எவனோ ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் உன்னையும் நினைத்தேன்தான்.

அம்மா ஆணி ஊறிய போத்தல்களைப் பார்த்தாள். அடுத்த நாள் ஒரு வாழைக்காயை வெட்டி, பாதித் துண்டுகளில் தேசிக்காய்ப்புளி விட்டு, பாதியைச் சும்மா விட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். சும்மா விட்டது கறுத்தது. புளி விட்டது வெள்ளையாகவே கிடந்தது. "ஆணியை விட்டிட்டு இதைப் பாருங்கோ. காத்துப் பட்டுக் கறுக்கிறதைப் புளி தடுக்குது. பிள்ளை சொல்றது இந்தமாதிரிச் சத்தைத்தான், இரும்பிலை பிடிக்கிற கறளை இல்லை. இலையிலையும் அது இருக்கு. கனநேரம் அவிச்சால் கொஞ்சம் போயிடும், அதுதான் நான் இலை வறையை அடுப்பிலையிருந்து டக்கெண்டு இறக்கிறனான்" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒட்சியேற்றம் என்று படித்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மெச்சியிருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. இது இவளுக்கு எப்படித் தெரியும்? யாரோடு கதைக்கிறாள்?

ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழா வந்தது. பதினாறு நாளும் நான் ஒருநேரச் சாப்பாடு என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கால் ஏலாது, அதனால் வீட்டிலிருந்தே விரதம் பிடித்தாள். நான் காலையில் குறிகாட்டுவானில் படகேறிப் போய், பூசை பார்த்து, திரும்பி வந்து அவள் சமைத்ததைச் சாப்பிடுவேன். இடையில் நடந்ததை அவளுக்குச் சொல்லவில்லை. கந்தோரில் என்னோடு வேலை செய்த செல்லத்துரையின் வீடு கோயிலுக்குக் கிட்ட. படகுக்கு நிற்கிற நேரம் அங்கே போவேன். அவன் மனுசி இலைக்கஞ்சி காய்ச்சி வைத்திருப்பாள். முருங்கை, வல்லாரை, தூதுவளை எல்லாம் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, கரும்பச்சையாக இருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு கிண்ணம் குடித்தேன். தொட்டுக்கொள்ள வல்லாரைச் சம்பல். கஞ்சி குடிக்கிறதுதானே, சாப்பாட்டில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஊரான் தராசில் ஒரு குன்றிமணி பிசகினாலும் தண்டம் எழுதியவன் அம்மனுக்குச் சொன்ன கணக்கில் தினமும் இரண்டு கிண்ணம் ஒளித்தேன்.

திருவிழா முடிந்து கிளினிக்குக்குப் போனால், இரத்தம் தடித்திருக்கிறது. தாதிப் பிள்ளை முகம் மாறிவிட்டது. "ஐயா, இந்த மாசம் இலை வகை கூடச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டாள். பக்கத்தில் அம்மா இருந்தாள். "இல்லைப் பிள்ளை. விரதம். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் வீட்டிலைதான்" என்றேன். டொக்டர் குளிசையைக் கூட்டி எழுதினார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் யோசித்தேன். நீ நம்ப மாட்டாய், கஞ்சி என் நினைவுக்கு வரவேயில்லை. சாப்பாட்டில் சேராது என்று ஒதுக்கியதை மனமும் ஒதுக்கிவிட்டது. நான் சரியாக இருக்க இரத்தப் பரிசோதனை எண் பிழைக்கிறதென்றால், என் சாப்பாட்டில் யாரோ கை வைக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். தூள் போத்தல் இல்லை. அதன்பிறகு நான் பழைய வேலைக்குப் போனவன்போல ஆகிவிட்டேன். அம்மா சமைக்கிற நேரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிப் பின்கதவால் போய் நின்றேன். அவள் எனக்கு முதுகு காட்டி நின்று, சுண்டில் எதையோ அமத்தினாள். அமத்தி, பார்த்து, ஒரு சிட்டிகை எடுத்து, திரும்பவும் பார்த்துச் சட்டிக்குள் கொட்டினாள். கதவு கிறீச்சிட்டதும் சுண்டைச் சீலைத் தலைப்பால் மூடிவிட்டாள். "என்னப்பா அது?" என்றேன். "ஒண்டுமில்லை, அரிசிப் பூச்சி பாத்தனான்" என்றாள். உன் தூளை எனக்குத் தெரியாமல் கறியில் கலக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மகன் சொன்னான் என்று செய்கிறாளோ, அல்லது வேறு எண்ணமோ என்றுகூட நினைத்தேன். வேறு எண்ணம் என்றால் என்ன எண்ணம் என்று நீ கேட்கலாம். எழுதக் கூசுகிறது. நான் போனால் அவள் உன்னோடு கனடாவுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறாளோ என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் அவள் கோப்பையை என் முன்னால் வைத்தபோது, நான் அதை அவள் பக்கம் தள்ளினேன். "முதல் நீர் ஒரு வாய் சாப்பிடும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. "உப்புப் பாக்கவோ?" என்று கேட்டாள். "உப்புப் பாக்க இல்லை. நீர் இதிலை என்ன போட்டனீர் எண்டு எனக்குத் தெரியாது. உமக்கு ஒண்டும் செய்யாட்டி நான் சாப்பிடுறன்." சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. குனிந்து, சோற்றையும் கறியையும் குழைத்து ஒரு வாய் சாப்பிட்டாள். மென்று விழுங்கி, வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். முப்பத்தாறு வருடமாக நான் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவள், அப்படித்தான் முதல் முறையாக எனக்கு முன்னால் சாப்பிட்டாள். நான் சோற்றைச் சாப்பிட்டேன். இலை வறையை மட்டும் தொடவில்லை, பச்சைக்குள் பச்சையைக் கலந்தால் தெரியாது என்பதால். மூன்று கிழமை இப்படி நடந்தது. இலையை ஒதுக்கவேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச எனக்குச் சந்தேகம் கூடியது.

நாலாவது கிழமை ஒரு காலையில் பல் விளக்கும்போது பல்லைச் சுற்றிய முரசிலிருந்து இரத்தம் வந்தது, நிற்கவில்லை. கையில், காலில் அடிபடாமலே நீலம் நீலமாகக் கண்டிருந்தது. கிணற்றடியில் நின்று, "நீர் நினைச்சது நடந்திட்டுது" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் பக்கத்து வளவுக்கு ஓடி ஓட்டோவைக் கூட்டி வந்தாள். கால் ஏலாதவள், தம்பி. பட்டணம் போய்ச் சேரும்வரை என் வாயில் ஒரு துவாயைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளின் கையைத் தட்டிவிடவும் எனக்குப் பயம், பிடித்திருக்க விடவும் பயம்.

இந்த முறை இரத்தம் மறுபக்கம் போயிருந்தது, மிக ஐதாக. குளிசையின் வேலையை மறிக்கிற மருந்து கொடுத்துப் படுக்கவைத்தார்கள். பின்னேரம் கிளினிக்கில் இருக்கிற அந்தத் தாதிப் பிள்ளை வந்து அம்மாவிடம், "அம்மா, நீங்கள் போனிலை சொன்னமாதிரி அதே ஒரு சுண்டு இலைதானே குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். அம்மா சொன்னாள், "ஓம் பிள்ளை. ஒவ்வொரு நாளும் அமத்தி ஒரு சுண்டு, கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. இப்ப மூண்டு கிழமையா அவர் இலையைத் தொடுறேல்லை." நான் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தேன். போனோ? எப்போது? தாதி என் பக்கம் திரும்பினாள். "குளிசையைக் கூட்டின நேரம் இலையை முழுக்க நிப்பாட்டினால் இப்பிடித்தான் ஐயா வரும். சரி, போன மாசம் ஏன் தடிச்சது? வீட்டிலை ஒரே அளவு. பிள்ளை அனுப்பின தூளையும் அம்மா என்னட்டைக் கேட்டிட்டு வாழையடியிலை கொட்டிட்டா. அப்ப நீங்கள்தான் வேறை எங்கையோ இலை சாப்பிட்டிருக்கிறியள்."

செல்லத்துரை வீட்டுக் கிண்ணம் அப்போதுதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொன்னேன். பதினாறு நாள், இரண்டு இரண்டு கிண்ணம். தாதிப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை, விரதம் முறித்ததைப் பற்றியும் ஒரு சொல் கேட்கவில்லை. தாதி போன பிறகு நான்தான் கேட்டேன், அந்த நிலையிலும் விசாரணைதான், "ஏன் எனக்கு ஒளிச்சு அளந்தனீர்? ஏன் தூளைக் கொட்டினதைச் சொல்லேல்லை?" அவள் சொன்னாள், "சாப்பாட்டை அளக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். தூளைப் பற்றிச் சொன்னால், ஏன் போன் எடுத்தனீர், எப்ப எடுத்தனீர், ஆர் நம்பர் தந்ததெண்டு கேப்பியள். பிள்ளை ஆசையா அனுப்பினது, அவனுக்கும் மனம் நோகும். சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையெண்டு நினைச்சனான்." நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, படுங்கோ" என்றாள்.

ஆகவே நீ அறிய வேண்டியது: உன் தூள் வாழைக்குப் போய்விட்டது, கோபிக்காதே. இலையில் நீ சொன்ன சத்து உண்டு, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருந்து குடிக்கிறவனுக்கு எதையும் அனுப்புவதென்றால் முதலில் கிளினிக்கில் கேள். இன்னொன்று. பெண் வீட்டாரைப் பற்றி ஒருக்கா விசாரியுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தாய். நீ கேட்க முதலே நான் விசாரித்துவிட்டேன். காரைநகரிலும் கேட்டேன், மண்டைதீவிலும் கேட்டேன். ஒரு குறையும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள். நீ அப்படிக் கேட்டு எழுதியதைப் படித்தபோது எனக்குப் பயம் பிடித்தது, ஏனென்றால் அந்த எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றைச் சொல்லாமல் செய்தால், அவள் என்ன ஒளிக்கிறாள் என்று கேட்க முதல், உன்னிடம் சொல்ல ஏன் பயப்படுகிறாள் என்று கேள். நான் அந்தக் கேள்வியைக் கேட்க முப்பத்தாறு வருடம் எடுத்தது.

இப்போது எண் சரியாக இருக்கிறது. போன முறை கிளினிக்கில் தாதிப் பிள்ளை, "நல்லாக் கொண்டுவந்திட்டியள், எப்பிடி?" என்று கேட்டபோது அம்மா, "அவர் கவனமா இருக்கிறார் பிள்ளை" என்று சொன்னாள். நடந்த எதையும் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுண்டை இப்போது என் முன்னாலேயே வைத்து அளக்கிறாள். ஆனால் அந்த முதல் வாயை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கோப்பையை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் தருகிறாள்.

நீ வீடியோவில் வந்த அடுத்த நாள் மத்தியானம், அவள் என் கோப்பையை எடுத்தபோது, நான் அவளிடம் சொன்னேன், "பிள்ளை பாத்திட்டான். இனிப் போதும். நான்தான் பிழை. நாளையிலையிருந்து இதை விடும்." அவள் கோப்பைக்கு மேல் கையை வைத்தபடி கேட்டாள், "நான் விடுறன். நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் நோகுது எண்டு வைப்பம். அப்பவும் நான் தாறதை யோசிக்காமல் சாப்பிடுவியளோ?"

ஓம் என்று சொல்ல வேண்டியதுதானே, தம்பி. ஒரு சொல். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், உடனே வரவில்லை. கனநேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அவள் அதைக் கண்டுவிட்டாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. சோற்றைக் குழைத்து முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

அப்பா